பென்ச்சிவென்னி என்றால் வெந்நீர் இல்லை

1

போன அக்டோபரில் என் மகள் மாயாவின் வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். உன் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன அர்த்தம், அந்தப் பெயர் உள்ளவர்கள் எத்தனை பேர், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வா என்று. நாலாம் வகுப்பு. அந்த வயதில் நாங்கள் மயிலாப்பூரில் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தோம். இத்தாலியில் பெயர் ஆராய்ச்சி செய்கிறார்கள்.

மாயாவின் தோழி ஒருத்திக்குக் குடும்பப் பெயர் ரோஸ்ஸி. சிவப்பு என்று அர்த்தம். கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே யாரோ ஒருவர் செம்பட்டைத் தலையராக இருந்திருப்பார். நம் ஊர் டைரக்டரியில் சுப்பிரமணியன் மாதிரி இங்கே பக்கம் பக்கமாக ரோஸ்ஸி. அவளுடைய பாடம் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில்தான் அது இன்னும் முடியவில்லை.

என் கணவர் பாவ்லோவின் குடும்பப் பெயர் பென்ச்சிவென்னி. இத்தாலிக்காரர்களே ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்பார்கள். போலோன்யாவுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கிற இந்தச் சின்ன ஊரின் தொலைபேசிப் புத்தகத்தில் அந்தப் பெயரில் இரண்டே வீடு. ஒன்று நாங்கள். இன்னொன்று பாவ்லோவின் சித்தப்பா. அவரோடு எங்களுக்குப் பேச்சு வார்த்தை இல்லை.

அர்த்தத்தைப் பாவ்லோ சொன்னார். ஆசிரியையும் சரிதான் என்றாராம். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாத பழைய காலத்தில், காத்திருந்து பிறந்த பிள்ளைக்கு 'பெனே ச்சி வென்னே' என்று பெயர் வைப்பது இந்தப் பக்கத்து வழக்கமாம். நல்லபடியாக நம்மிடம் வந்து சேர்ந்தது என்று அர்த்தம். வாக்கியம் தேய்ந்து பெயராகி, அந்தப் பிள்ளையின் பிள்ளைகளுக்கு அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. வா வா என்று வாய் நிறையச் சொல்லி வீட்டுக்குள் அழைத்த ஒரு குழந்தையின் பெயரைத்தான் இவர்கள் எத்தனையோ தலைமுறையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, எனக்கே இது தெரியாது. கேட்கத் தோன்றியதில்லை.

மாயா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"உன்னுதும்மா? உன் குடும்பப் பேர்?"

இத்தாலியனில்தான் கேட்டாள். இப்போதெல்லாம் அவளுக்குத் தமிழ், பல் தேய்க்கச் சொன்னால் வருவது போல, சொல்லிச் சொல்லித்தான் வருகிறது.

2

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எஸ். வசுமதி. எஸ் என்றால் சந்தானம். அப்பா பெயர். இந்த ஒரு விஷயத்தை இந்த நாட்டு அரசாங்கத்துக்கு விளக்கி விளக்கி நான் ஓய்ந்துவிட்டேன்.

பால் ரசாயனம் படிக்க உதவித்தொகை கிடைத்து நான் முதலில் இங்கே வந்தபோது, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்றார்கள். அப்பா பெயரைப் போட்டேன். அன்றையிலிருந்து நான் சிக்னோரா சந்தானம், அதாவது சந்தானம் அம்மாள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இங்கே பெண்ணுக்குக் கல்யாணமானாலும் அரசாங்கக் காகிதத்தில் பிறந்த வீட்டுப் பெயர்தான், கடைசி வரைக்கும். நம் ஊரில் நான் இருந்திருந்தால் மாலை மாற்றிய மறுநாளே எஸ் போய் வேறு எழுத்து வந்திருக்கும். நாடு விட்டு நாடு வந்து ஒருத்தனைப் பிடித்துக் கட்டிக்கொண்டவளுக்குத்தான் அப்பா பெயரை அழிக்க முடியாமல் போயிருக்கிறது.

இங்கே பெயரை எழுத்துக் கூட்டும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் ஊர்ப் பெயர் சொல்வார்கள். சவோனாவின் எஸ், அங்கோனாவின் ஏ, நாப்போலியின் என், தொரினோவின் டி. எச்சுக்கு மட்டும் ஊர் கிடையாது, ஹோட்டலின் எச் என்று சொல்ல வேண்டும். டெலிபோனிலும் கவுன்டரிலும் இப்படி நாட்டைச் சுற்றி வந்து, வழியில் ஒரு ஹோட்டலிலும் தங்கினால்தான் அப்பா பெயர் முடியும். இவ்வளவுக்கும் பிறகு எதிரே இருப்பவர் "ஆ, சாந்த் ஆன்னா" என்பார். புனித அன்னாள். என் அப்பாவை ஒரு கிறிஸ்தவப் பெண் புனிதராக்கிவிட்டார்கள் என்பது மயிலாப்பூரில் இதுவரை தெரியாது.

போலீஸ் நிலையத்தின் பின்பக்கத்தில் வெளிநாட்டவருக்கான அலுவலகம் இருக்கிறது. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க அங்கேதான் போக வேண்டும். மொரோக்கோக்காரர்கள், அல்பேனியர்கள், கிழவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த பிலிப்பைன்ஸ் பெண்கள், நடுவில் நான். பெயரைக் கூப்பிட்டு "அவந்தி" என்பார்கள். முன்னே வா, உள்ளே வா என்று அர்த்தம். டாக்டர் அறைக் கதவைத் தட்டினாலும் அவந்தி, வங்கியிலும் அவந்தி. இத்தாலி முழுக்க எல்லாரும் எல்லாரையும் அதைச் சொல்லிக்கொண்டேயிருக்கிறார்கள், காதில் விழுவதுகூட இல்லை.

போன தடவை வேறொரு வம்பு. பழைய அனுமதியில் நான் பிறந்த ஊர் மெட்ராஸ். புதுக் காகிதத்தில் சென்னை என்று போட்டுவிட்டேன். அந்த அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சிக்னோரா, நீங்கள் எங்கேதான் பிறந்தீர்கள்?" என்றார். ஊர் பெயரை மாற்றிவிட்டார்கள் என்றேன். யார், ஏன், யாரைக் கேட்டு என்றார். எனக்கென்ன தெரியும், நான் ஊரிலேயே இல்லை.

3

என் அப்பா சந்தானம் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மோதிய லாரி, நனைந்த கிடங்கு, எரிந்த மில் என்று போய்ப் பார்த்து, இவ்வளவுதான் சேதம் என்று எழுதிக் கொடுப்பது வேலை. வீட்டிலும் பேச்சு அதே அளவுதான். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் தாராளமானவர். வாசலில் யார் நின்றாலும் "வாங்கோ" என்பார். தபால்காரர், காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், சோப்புத்தூள் விற்க வந்த பெண், விலாசம் தவறி வந்தவர், எல்லாருக்கும் வாங்கோ. "ஆத்துக்கு வந்தவாளை வான்னு சொல்லத் தெரியலேன்னா, கதவை மூடி வெச்சுக்க வேண்டியதுதான்" என்று எங்களைத் திட்டியிருக்கிறார்.

நான் காலேஜிலிருந்து வந்தால் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே "வந்தாச்சா?" என்பார். வீட்டு மனுஷிக்கு அது போதும்.

பாவ்லோவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று இங்கிருந்து டெலிபோனில் சொன்னபோது அவர் கத்தவில்லை, அழவில்லை. "சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்றார். பயப்பட்டதைவிடச் சுலபமாகப் போயிற்று என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மாயாவுக்கு மூன்று வயதானபோது மூன்று பேருமாக ஊருக்குப் போனோம். மீனம்பாக்கத்திலிருந்து அம்பாசிடர் டாக்ஸியில் வந்து மாட வீதிக்குப் பின்னால் எங்கள் வீட்டு வாசலில் இறங்கினோம். அம்மா ஓடி வந்தாள், குழந்தையை வாங்கிக்கொண்டாள், அழுதாள், வா வா என்றாள், பாவ்லோவையும் "வாங்கோ மாப்ளே" என்றாள். அப்பா கூடத்தில் நாற்காலியில் இருந்தார். எழுந்தார். எங்களைப் பார்த்தார்.

"ஃப்ளைட் லேட்டா?" என்றார் என்னிடம்.

"கொஞ்சம் லேட்டுப்பா."

"ஃபேனைப் போடச் சொல்லு, வேர்க்கறது அவருக்கு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவ்வளவுதான். மாப்பிள்ளைக்கு வேர்க்கிறது என்று பார்த்தார், ஃபேன் போடச் சொன்னார், மறுநாள் தானே போய் அவருக்காக மலைப்பழம் வாங்கி வந்தார். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. வா என்கிற ஒரு சொல் மட்டும் இல்லை. பாவ்லோவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. 'வான்னு ஒரு வார்த்தை சொல்லலை' என்று கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து போன மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் அப்பா அதன் விலை தெரிந்தவர், அதனால்தான் அதை நிறுத்தி வைத்தார். சேதம் எவ்வளவு என்று கணக்காக எழுதிக் கொடுத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

பாவ்லோவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு வேறு கவலை. பாக்கிங் மெஷின் பழுதுபார்க்க ஊர் ஊராகப் போகிறவர், எந்த இடத்துக்குப் போனாலும் தன்னை என்ன பெயரிட்டுக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்வார். அந்த வருஷம் ஊரில் தண்ணீர்க் கஷ்டம். லாரித் தண்ணீரைப் பிடித்து வடிகட்டி, மாப்பிள்ளை வயிற்றுக்கு ஆகாது என்று அம்மா காலையும் மாலையும் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். "வென்னி போட்டாச்சா?", "வென்னி ஆறிடுத்தா?", "வென்னியை எடுத்து மூடி வை" என்று சமையலறையிலிருந்து குரல் வந்துகொண்டேயிருக்கும். ஒவ்வொரு தடவையும் பாவ்லோ அறையிலிருந்து எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்று சிரிப்பார். அம்மாவும் சிரித்துவிட்டு ஒரு டம்ளர் வெந்நீர் கொடுப்பாள். மே மாத வெயிலில், சூடாக. மாமியார் தன் பெயரைச் சுருக்கிச் செல்லமாகக் கூப்பிடுகிறார், கூப்பிட்டுத் தண்ணீர் கொடுப்பது இந்த நாட்டு வழக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார். எனக்கு விஷயம் தெரிய வந்தபோது அவர் குடம் குடமாகக் குடித்திருந்தார்.

இதில் இன்னொன்று. இத்தாலியனில் 'வென்னி' என்றால் வந்தேன். கூப்பிட்டார்கள், வந்தேன், இதில் என்ன தப்பு என்றார் பாவ்லோ.

தெருவில் அது பரவிவிட்டது. எதிர்வீட்டுக் கோமளா மாமி, "வசு, உங்காத்து வென்னி எங்கடி, காணோமே" என்பாள். லஸ்ஸிலிருந்து ஒரு நாள் ஆட்டோவில் வந்தபோது டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சாரு எந்த ஊரும்மா?"

"இத்தாலி."

"அது எங்க கீது? சரி வுடு. பேரு இன்னா?"

"பென்ச்சிவென்னி" என்று பாவ்லோவே சொன்னார்.

"இன்னாது, பென்ச்சி வென்னியா? இன்னாம்மா இது, ஆளு சில்லுன்னு கீறாரு, பேரு வென்னின்றாரு."

இதை வீட்டில் சொன்னபோது அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்பா பேப்பரைத் திருப்பினார்.

அதற்கப்புறமும் ஒரு தடவை போய் வந்தோம். அப்போதும் அதே நாற்காலி, அதே "ஃப்ளைட் லேட்டா?"

4

இனி வீட்டுப்பாடத்துக்கு வருகிறேன். பெரியவர்களைக் கேட்டு எழுத வேண்டும் என்று விதி. எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூருக்கு டெலிபோன் போட்டுக் கொடுத்தேன். அப்பா எடுத்தார். மாயா தன் தமிழில் ஆரம்பித்தாள்.

"தாத்தா, உங்க பேர் என்ன சொல்ல விரும்புது?"

இத்தாலியனில் அர்த்தம் கேட்பது அப்படித்தான். இந்தச் சொல் என்ன சொல்ல விரும்புகிறது என்றுதான் கேட்பார்கள். அவள் அதை அப்படியே தமிழில் தூக்கி வைத்துவிட்டாள். நான் திருத்துவதற்குள் அப்பாவின் குரல் ரிசீவரைத் தாண்டிக் கேட்டது.

"என் பேர் என்ன சொல்ல விரும்பறதா? நன்னாருக்கே. அது ஒண்ணும் சொல்ல விரும்பலையே."

"அர்த்தம், தாத்தா" என்றாள், நான் சொல்லிக் கொடுத்து.

"ஓ, அதுவா. சந்தானம்னா குழந்தை. எங்கம்மாவுக்கு ரொம்ப நாள் குழந்தை இல்லை. வேண்டிண்டு பொறந்தேன், அதனால சந்தானம்னு வெச்சா."

"அந்தப் பேர்ல எத்தனை பேர் இருக்கா?"

"மெட்ராஸ் டைரக்டரியை எடுத்துப் பாரு, பக்கம் பக்கமா இருப்பா."

மாயா எழுதிக்கொண்டாள். பிற்பாடு அவள் நோட்டில் பார்த்தேன், 'என் அம்மாவின் குடும்பம் மிகப் பெரியது, டெலிபோன் புத்தகத்தில் பல பக்கங்களுக்கு இருக்கிறது' என்று எழுதியிருந்தாள். கீழே, தாத்தாவை இத்தாலிய எழுத்தில் எழுதப் போய், 'என் தாதா இந்தியாவில் இருக்கிறார்' என்று ஒரு வரி. இத்தாலியனில் தாதா என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. இந்தியாவில் எங்களுக்கு ஆயா இருப்பதாக வகுப்பு முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறது.

"இப்ப நான் சொல்றேன் தாத்தா, பப்பா பேர்" என்றாள். "பென்ச்சிவென்னின்னா, நல்லா வந்துது எங்ககிட்ட."

"எது வந்துது?"

"குழந்தை. சின்னக் குழந்தை பொறந்துதுன்னா, நல்லா வந்தேன்னு சொல்லுவா. வென்னி, வந்தேன்."

லைன் போய்விட்டது என்று நினைத்து நான் ரிசீவரை வாங்கப் போனேன். அப்போது அப்பா பேசினார்.

"அப்போ ரெண்டும் ஒரே பேர்தான்னு சொல்லு."

மாயாவுக்குப் புரியவில்லை. "ஸி" என்றாள். ஆமாம் என்று.

"டிசம்பர்ல லீவு உண்டோ உனக்கு?"

"உண்டு."

"அம்மாகிட்ட சொல்லு" என்று வைத்துவிட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் அதையே யோசித்துவிட்டு டிக்கெட் போட்டேன்.

5

மார்கழியில் போய் இறங்கினோம். மீனம்பாக்கம் மாறியிருந்தது, டாக்ஸிகளும் மாறியிருந்தன, ராயப்பேட்டை வரை வந்தும் எனக்கு வழி பிடிபடவில்லை. மாட வீதி முனையில் கோலத்தைச் சுற்றிக்கொண்டு வண்டி திரும்பியதும் பார்த்தேன், அப்பா வாசல் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். நாற்காலியில் இல்லை. மெலிந்து போயிருந்தார். மப்ளர் கட்டியிருந்தார்.

முதலில் பாவ்லோ இறங்கினார், இரண்டு கையிலும் பெட்டியோடு. அப்பா அவரை நேராகப் பார்த்தார்.

"வென்னி" என்றார்.

பின்னால் வந்த அம்மா, "வந்ததும் வராததுமா என்ன வென்னி, முதல்ல காபி குடிக்கட்டும்" என்றாள்.

"உன்னைக் கேக்கலை" என்றார் அப்பா. மறுபடியும் பாவ்லோவைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக, வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "பென்ச்சி. வென்னி" என்றார்.

பாவ்லோ பெட்டியைக் கீழே வைத்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். "வந்தேன் மாமா" என்றார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

"வாடி கொழந்தே" என்று மாயாவின் கன்னத்தைத் தட்டினார் அப்பா. அப்புறம் நான் இறங்கினேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். வாய் திறந்தது, நான் பார்த்தேன்.

"ஃப்ளைட் லேட்டா?" என்றார்.

"இல்லப்பா. டயத்துக்கு வந்துடுத்து."

லீவு முழுக்க நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். காரணமே இல்லாமல் வெளியே போய்விட்டு வந்துகொண்டிருந்தேன். பாண்டி பஜாருக்கு ஒரு நாள், அடையாறில் பழைய சிநேகிதி வீட்டுக்கு ஒரு நாள், ஒன்றுமில்லாவிட்டால் தெற்கு மாட வீதிக்குப் போய் வெற்றிலை. திரும்பி வந்து கேட்டைச் சத்தமாகத் திறப்பேன். வந்தாச்சா என்றாவது கேட்க மாட்டாரா என்று. நாற்பது வயதை எட்டிப் பிடிக்கிற பெண்மணி, ஒரு ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பானவள், கேட்டை ஆட்டிக்கொண்டு நின்றேன். அவர் பேப்பருக்கு மேலாகப் பார்ப்பார். "செருப்பை உள்ள விடு, நாய் தூக்கிண்டு போயிடும்" என்பார். தண்ணீர் லாரிக்காரர் வந்தால் மட்டும், "வாப்பா, இன்னிக்காவது வந்தியே."

மாப்பிள்ளையோடு அவருக்குச் சிநேகிதம் ஆகிவிட்டது. இருவரும் மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பாஷையே இல்லாமல் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான். பொறாமையும்தான்.

ஒரு நாள் மத்தியானம் அம்மாவிடம் கேட்டே விட்டேன்.

"அவருக்குச் சொல்லியாச்சு. எனக்கு மட்டும் ஏம்மா சொல்ல மாட்டேங்கறார்?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நீ இந்தாத்துப் பொண்ணுடி. வெளி மனுஷாளைத்தான் வான்னு கூப்பிடுவா. உன்னைப் போய் யாராவது கூப்பிடுவாளா?"

அம்மா இப்படி எத்தனையோ தடவை எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று சமாளித்திருக்கிறாள். நல்ல பதில்தான். நம்பத்தான் ஆசை. ஆனால் இந்த வீட்டுப் பெண்ணாக மட்டும் இருந்த காலத்தில் தினமும் 'வந்தாச்சா' கேட்டேனே, அது எங்கே போயிற்று என்று கேட்க நினைத்தேன். அவள் அடுத்த கீரைக் கட்டை அவிழ்த்தாள், விட்டுவிட்டேன். எனக்கும் களைப்பாக இருந்தது.

கிளம்புகிற அன்று அப்பா கேட் வரை வந்தார். பெட்டிகள் ஏறின, மாயா ஏறினாள், பாவ்லோ கும்பிட்டார். நான் டாக்ஸிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா எங்கள் எல்லாரையும் பொதுவாகப் பார்த்து, "போயிட்டு வாங்கோ" என்றார்.

விமானத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. வாங்கோ என்பது மாப்பிள்ளைக்குக் கொடுத்த மரியாதையா, இல்லை எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துச் சொன்ன பன்மையா? மரியாதை என்றால் அதில் நான் இல்லை. பன்மை என்றால் மூன்றில் ஒரு பங்கு எனக்கு உண்டு. தமிழில் இதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. பாவ்லோவைத் தட்டி எழுப்பிக் கேட்டேன். "சொன்னார் இல்லையா, எடுத்துக்கொள்ளேன்" என்று முணுமுணுத்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கென்ன, அவருடைய பெயரே வரவேற்பு.

6

ஜனவரியில் இந்தப் பக்கம் முழுக்க மூடுபனி. பகல் பதினொரு மணிக்கும் கார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு போகின்றன. மாயா பள்ளிக்கூடம் போகிறாள். ஊரிலிருந்து கொண்டுவந்த தமிழ் ஒரு வாரம் தாங்கியது, இப்போது மறுபடி இத்தாலியன். பாடத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஆசிரியை கீழே சிவப்பு மையில், 'அப்பா பெயரும் அம்மா பெயரும் ஒரே விஷயத்தைச் சொல்வது அழகாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார். அப்பா டெலிபோனில் சொன்னதுதான். மாயா அதையும் எழுதிவிட்டிருக்கிறாள்.

நேற்று என்னுடைய தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கிற நாள். காலையிலேயே போய் போலீஸ் நிலையத்தின் பின்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கோட்டெல்லாம் ஈரம். பக்கத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் உட்கார்ந்துகொண்டே தூங்கிவிட்டாள். பிறந்த ஊர் சென்னையா மெட்ராஸா என்று இந்தத் தடவையும் கேட்பார்கள், இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிப் பார்க்க வேண்டும், எச் இல்லாமல் எழுதினால் திருத்தச் சொல்ல வேண்டும். நினைக்கும்போதே அலுப்பாக இருந்தது. இத்தனை வருஷமாக இங்கே வேலை செய்து, வரி கட்டி, பிள்ளை பெற்று, இன்னமும் இங்கே இருக்கலாமா என்று கேட்டுக்கொண்டு ஒரு பெஞ்சில்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார்கள்.

"சந்தானம்."

அதிசயமாகச் சரியாகச் சொல்லிவிட்டார். புது ஆள் போலிருக்கிறது.

"சந்தானம். அவந்தி."

எத்தனையோ முறை கேட்டதுதான். நேற்றுதான் காதில் விழுந்தது. அப்பா பெயரைச் சொல்லி, வா என்கிறார்கள். எனக்கு உடனே எழுந்திருக்கத் தோன்றவில்லை. பிலிப்பைன்ஸ் பெண் விழித்துக்கொண்டு, உன்னைத்தானே என்பது போல என்னைப் பார்த்தாள். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"சந்தானம், அவந்தி."

"வந்துட்டேம்ப்பா" என்றேன். தமிழில், வாய் தவறி, கொஞ்சம் உரக்கவே.

எழுந்து போய்க் கவுன்டர் முன்னால் நின்றேன். அந்த இளைஞர் என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், "என்ன சொன்னீர்கள், சிக்னோரா?" என்றார்.

"ஒன்றுமில்லை" என்றேன். "சந்தானம் நான்தான்."